ஹாங்காங் நகரச் சுற்றுலாவில் நாங்கள் ஏமாந்த விதம்: பெற்றோருடன் செல்வோருக்கு ஓர் எச்சரிக்கை

2024 நவம்பரில் என் பெற்றோரை ஹாங்காங்கிற்கு அழைத்துச் சென்றேன். அப்பாவுக்கு எழுபத்தொரு வயது. தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சரக்குக் கணக்கு எழுதியவர். 1990களில் பல ஆண்டுகள் உலகிலேயே மிக அதிகமாகச் சரக்குப் பெட்டகங்களைக் கையாண்ட துறைமுகம் என்று ஹாங்காங்கின் பெயரைப் பணியில் இருந்த காலமெல்லாம் கேட்டு வந்தவர் என்பதால், அந்தத் துறைமுகத்தை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அந்த ஆசைக்காகப் பணம் கட்டி வாங்கிய ஒரு நாள், நகைக்கடையிலும் மூலிகைக்கடையிலும் கழிந்தது. இதே போன்ற பயணத் திட்டங்களை நம் ஊர்களில் இன்றும் விற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்பதால், நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

ஏமாற்றம் ஊரிலேயே தொடங்கிவிட்டது. எங்களுக்குத் திட்டம் விற்ற முகவர், 'ஹாங்காங் விசா கட்டணம்' என்று ஒருவருக்கு ₹2,500 வீதம் மூவருக்கும் வாங்கினார். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் 14 நாட்கள் வரை சுற்றிப்பார்க்க ஹாங்காங் செல்வதற்கு விசா தேவையில்லை. புறப்படும் முன் ஹாங்காங் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் முன்பதிவு செய்துகொண்டால் போதும். 2017 முதல் இந்த நடைமுறை இருக்கிறது. அதற்குக் கட்டணம் கிடையாது. விவரங்களை நிரப்பினால் பெரும்பாலும் அப்போதே முடிவு தெரிந்துவிடும். அந்தத் தாளை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். படிவம் நிரப்பித் தந்ததற்குச் சேவைக் கட்டணம் என்று கேட்டிருந்தால் நானே யோசித்துக் கொடுத்திருப்பேன். அதை விசா என்று சொல்லி வாங்கியது பொய்.

நகரச் சுற்றுலாவுக்கு மட்டும் மூவருக்கும் சேர்த்து ₹21,000 கட்டியிருந்தோம். முகவர் தந்த வண்ணத் தாளில் மான் மோ கோயில், விக்டோரியா சிகரம், அபர்தீன் மீனவர் குடியிருப்பு, ரிபல்ஸ் கடற்கரை, இரவு எட்டு மணி ஒளிக்காட்சி ஆகியவை வரிசையாக இருந்தன. நடுவே 'நகை வடிவமைப்புக் கூடம்' என்று ஒரு வரியும் இருந்தது. அருங்காட்சியகம் போன்ற ஏதோ ஓர் இடம் என்றுதான் அதைப் படித்தபோது நினைத்தேன். அபர்தீன் என்ற தலைப்புக்கு மேலே, விளக்குகள் ஒளிரும் பிரம்மாண்டமான மிதக்கும் உணவகத்தின் படம் இருந்தது. அந்த உணவகத்தை 2022 ஜூனில் கடல் வழியே இழுத்துச் சென்றபோது அது தென்சீனக் கடலில் கவிழ்ந்துபோனது அப்போது எனக்குத் தெரியாது. இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பே இல்லாமல் போன ஒன்றின் படத்தைப் போட்டு விற்கிறவர், தாளில் எழுதியுள்ள மற்றவற்றையும் சரிபார்த்திருக்க மாட்டார் என்பதை இப்போது உணர்கிறேன்.

காலை ஒன்பது மணிக்கு சிம் ஷா சூயில் உள்ள எங்கள் விடுதி வாசலில் பேருந்து வந்து நின்றது. மான் மோ கோயிலில் பதினைந்து நிமிடங்கள் கொடுத்தார்கள். 1847இல் கட்டப்பட்ட அந்தக் கோயிலில், கூரையிலிருந்து தொங்கும் சுருள் ஊதுவத்திகளின் புகை நடுவே அம்மா கைகூப்பி நின்றபோதே வழிகாட்டி கொடியை அசைத்துவிட்டார். சிகரத்திற்கு 1888 முதல் ஓடும் மலை டிராமில் அழைத்துச் செல்வார்கள் என்று நம்பியிருந்தோம். பேருந்திலேயே ஏற்றிச் சென்று இறக்கினார்கள். கேட்டதற்கு, "தாளில் சிகரம் என்றுதானே இருக்கிறது, டிராம் என்று இல்லையே" என்றார் வழிகாட்டி. அது உண்மைதான், தாளில் டிராம் இல்லை. அங்கே நாற்பது நிமிடங்கள். அங்குள்ள கோபுரக் கட்டடத்தில் கட்டணம் செலுத்தி மொட்டைமாடிக்குப் போனால்தான் நகரம் தெரியும் என்றும் அவர் சொன்னார். அதுவும் தவறான தகவல். அந்தக் கட்டடத்துக்கு அருகிலேயே சிங்கச் சிலைகள் வைத்த மண்டபம் ஒன்று இருக்கிறது. அங்கிருந்து துறைமுகம் முழுவதையும் கட்டணமின்றிப் பார்க்கலாம். முதியவர்களும் சிரமமின்றி நடக்கக்கூடிய சமதளமான லுகார்ட் சாலையில் சற்றுத் தூரம் போனால் இன்னும் நன்றாகத் தெரியும். அபர்தீனிலும் ரிபல்ஸ் கடற்கரையிலும் இருபது இருபது நிமிடங்கள். படகில் ஏறத் தனிக் கட்டணம் கேட்டார்கள். மதிய உணவைக் குறை சொல்ல மாட்டேன்.

இரண்டரை மணிக்கு ஹுங் ஹாமில் ஒரு தொழிற்கூடக் கட்டடத்தின் முன் இறக்கினார்கள். வாசலில் நின்ற பெண் ஒவ்வொருவர் சட்டையிலும் 17 என்று அச்சிட்ட மஞ்சள் ஒட்டுச்சீட்டை ஒட்டினார். எங்கள் குழுவுக்கு எல்லாருக்கும் அதே எண். பக்கத்துப் பேருந்திலிருந்து இறங்கியவர்களுக்கு வேறு எண். யார் அழைத்து வந்த ஆள் எவ்வளவுக்கு வாங்கினார் என்று தரகு கணக்கிடத்தான் அந்த எண் என்பது, ஒவ்வொரு விற்பனைச் சீட்டின் மூலையிலும் 17 என்று எழுதப்பட்டதைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

உள்ளே இருவர் அமர்ந்து மோதிரத்துக்குக் கல் பதிப்பதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று ஐந்து நிமிடங்கள் பார்த்தோம். வடிவமைப்புக் கூடம் அத்துடன் முடிந்தது. பிறகு ஒரு நீண்ட கூடம், வரிசையாக மேசைகள், மேசைக்கு ஒரு விற்பனையாளர். எங்கள் மேசைக்கு வந்தவர் இந்தியில் வணக்கம் சொல்லி, அம்மாவைத் தாயே என்று அழைத்து, காற்றாடி போலச் சுழலும் ஒரு பதக்கத்தை அவர் உள்ளங்கையில் வைத்தார். சா டின் பகுதியில் உள்ள சே குங் கோயிலில் பக்தர்கள் நல்லூழ் வேண்டிக் காற்றாடியைச் சுழற்றுவது உண்மையான வழக்கம். அந்த நம்பிக்கையைத்தான் இங்கே விலைக்கு வைத்திருந்தார்கள். "வெள்ளைத் தங்கம், வைரம், சுழற்றினால் குடும்பத்துக்கு நல்லது" என்றார். விலைச்சீட்டில் 6,800 ஹாங்காங் டாலர் இருந்தது. இன்றைக்கு மட்டும் எழுபது விழுக்காடு தள்ளுபடி, அதோடு சுற்றுலாப் பயணிகளுக்கு வரியும் இல்லை என்று கூறி 2,040க்கு இறங்கினார்.

வரி இல்லை என்ற பேச்சை நம்பிவிடாதீர்கள். ஹாங்காங்கில் விற்பனை வரியே கிடையாது. உள்ளூர்க்காரருக்கும் இல்லை, நமக்கும் இல்லை. இல்லாத ஒன்றைத் தள்ளுபடி செய்வதாகச் சொல்லும் கடையில் மேற்கொண்டு எதுவும் பேச வேண்டியதில்லை. எனக்கு அது அப்போது தெரியாமல் போயிற்று.

வேண்டாம் என்று எழுந்தோம். கதவருகே நின்ற வழிகாட்டி, பேருந்து வர இன்னும் நேரமாகும் என்றார். அடுத்த முறை எழுந்தபோது அவருடைய குரல் மாறியிருந்தது. "உங்கள் குழுவில் யாருமே வாங்கவில்லை என்றால் என் நிலை என்ன? உங்களுக்கு நான் சாப்பாடு போடவில்லையா?" என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டார். நாங்கள் பணம் கட்டிய சாப்பாடு அது. அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "போகட்டும் விடுப்பா, கோயில் சின்னம்தானே" என்று மெல்லச் சொன்னார். நான் அட்டையை நீட்டினேன், நம் பணத்தில் சுமார் ₹22,000. என் அம்மாவைக் கூச்சப்பட வைத்து அந்தப் பணத்தை வாங்கினார்களே என்பதை என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை.

இரண்டு மணி நேரத்துக்கும் மேல் அங்கே இருந்தோம். அதற்குப் பிறகு ஒரு மூலிகைக்கடை, பின்னர் கடிகாரமும் சாக்லேட்டும் விற்கும் இன்னொரு கடை. மூன்றும் சேர்ந்து நாலே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. கோயிலும் சிகரமும் கடற்கரையும் படகுக் குடியிருப்பும் சேர்ந்து எங்களுக்குக் கிடைத்தது ஒன்றரை மணி நேரம்தான். மூன்றாவது கடையின் நாற்காலியில், "துறைமுகத்தைப் பாக்க வந்துட்டு கடையிலயே உக்காந்திருக்கோமே" என்று அப்பா சொன்னபோது மணி ஏழு. ஒளிக்காட்சி இரவு எட்டு மணிக்குத் தொடங்கிப் பத்து நிமிட அளவில் முடிந்துவிடும். எங்களைக் கரையில் இறக்கியபோது எட்டு இருபது.

ஊர் திரும்பியதும் எங்களுக்குப் பழக்கமான ஆசாரியிடம் பதக்கத்தைக் கொடுத்தேன். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து, கொக்கியின் உட்புறத்தில் மிகச் சிறிதாகப் பொறித்திருந்த 925 என்ற எண்ணை முதலில் காட்டினார். அது வெள்ளியின் முத்திரை. பதினெட்டு காரட் தங்கமாக இருந்தால், அது வெள்ளைத் தங்கமே ஆனாலும், 750 என்று இருக்க வேண்டும். ஓரத்தை லேசாக உரைகல்லில் தேய்த்துச் சோதித்தார். மேலே இருந்தது முலாம். கற்கள் வைரம் போலத் தோன்றும் செயற்கையான சிர்க்கோனியா. எடை நான்கு கிராம். வெள்ளிக்கு ₹400 போடலாம் என்றார். கடையில் கொடுத்த ரசீதை எடுத்துப் பார்த்தால், அதில் பொருளின் எண்ணும் விலையும்தான் இருந்தன. எந்த உலோகம், எந்தக் கல் என்று ஒரு சொல்கூட இல்லை.

இப்படி விற்பது அங்கே குற்றம். ஹாங்காங்கின் வணிக விவரிப்புச் சட்டத்தில் 2013 ஜூலை 19 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தங்களின்படி, பொருளைப் பற்றிப் பொய்யான விவரம் சொல்வதும், வாங்குபவரை நெருக்கி வாங்க வைப்பதும் தண்டனைக்குரியவை. அதிகபட்சமாக ஐந்து லட்சம் ஹாங்காங் டாலர் அபராதமும் ஐந்தாண்டுச் சிறையும் விதிக்கலாம். அங்குள்ள சுங்கத் துறை இதைக் கவனிக்கிறது. 2022 செப்டம்பர் முதல் பயண நிறுவனங்களும் வழிகாட்டிகளும் பயணத் தொழில் ஆணையத்திடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். எங்கள் வழிகாட்டியின் கழுத்தில் அட்டை எதுவும் இல்லை; கேட்டபோது விடுதியில் மறந்துவிட்டதாகச் சொன்னார். அங்கேயே, அப்போதே இறங்கியிருக்க வேண்டும். ஹாங்காங்கில் இருக்கும்போதே முறையிடுவது எளிது என்பதால், சந்தேகம் வந்தால் திரும்ப விமானம் ஏறும் முன்பே அங்குள்ள சுங்கத் துறையிடமோ நுகர்வோர் மன்றத்திடமோ சொல்லிவிடுங்கள். பேசும் விலையையும் உலோகத்தையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் வெளியே வந்துவிடலாம். பேருந்து போனாலும் பத்து நிமிட நடையில் ஏதாவதொரு ரயில் நிலையமோ பேருந்து நிறுத்தமோ இருக்கும் ஊர் அது.

மறுநாள் யாரையும் நம்பாமல் நாங்களே கிளம்பினோம். ரயில், பேருந்து, படகு எல்லாவற்றுக்கும் கட்டணம் செலுத்தப் பயன்படும் ஆக்டோபஸ் அட்டை வாங்கிக்கொண்டு, சிம் ஷா சூயில் துறைமுகத்தைக் கடக்கும் ஸ்டார் ஃபெர்ரி படகில் ஏறினோம். மேல்தளத்திலேயே அன்று ஒருவருக்கு ஏழு டாலருக்கும் குறைவாகத்தான் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் டோராப்ஜி நவ்ரோஜி என்ற பார்சிக்காரர் தொடங்கிய படகுப் போக்குவரத்து அது என்று சொன்னதும் அப்பாவுக்கு ஆர்வம் கூடிவிட்டது. படகுக்கு இரு முனையும் ஒன்றுபோல இருப்பதால் திரும்ப வேண்டிய தேவை இல்லை என்பதையும், பயணிகள் இருக்கையின் சாய்மானத்தை மறுபக்கம் தள்ளிவிட்டு அமர்வதையும் அவரே எனக்குக் காட்டினார். கரை சேரும்போது நீலச் சீருடை அணிந்த பணியாளர் ஒருவர் துரட்டி போன்ற நீண்ட கழியை நீட்டி வடத்தைக் கொக்கியில் இழுத்துக் கட்டினார். அப்பா இறங்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் அன்று நான்கு முறை அக்கரைக்கும் இக்கரைக்கும் போய் வந்தோம். மாலையில் கரையோரத்தில் ஏழரைக்கே இடம் பிடித்து ஒளிக்காட்சியையும் பார்த்தோம். அதற்குக் கட்டணமே இல்லை. மூவருக்கும் அந்த நாளின் மொத்தப் பயணச் செலவு இருநூறு டாலரைத் தொடவில்லை.

முகவரிடம் ஆசாரியின் குறிப்பு, ரசீது, ஒட்டுச்சீட்டு ஆகியவற்றின் படங்களுடன் எழுத்தில் கேட்டேன். 'நகை வடிவமைப்புக் கூடம் திட்டத்திலேயே இருக்கிறது' என்று பதில் வந்தது. விசா என்று வாங்கிய ₹7,500ஐ மட்டும், மூன்றாவது கடிதத்திற்குப் பிறகு திருப்பிக் கொடுத்தார். மீதிக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. இத்தகைய திட்டம் வாங்கப்போகிறவர்கள், எத்தனை கடைகளுக்கு அழைத்துச் செல்வீர்கள், ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் என்பதை முன்பணம் கொடுக்கும் முன் முகவரிடம் எழுத்தில் வாங்குங்கள். எங்கள் மனு விசாரணைக்கு வந்ததும், என்ன ஆயிற்று என்பதை இதே பதிவில் சேர்க்கிறேன்.