கண்டிச் சீமையா, மலாயாவா?

நூறு வருடத்துக்கு முன் திருச்சி, சேலம் பக்கத்துக் கிராமங்களுக்குக் கங்காணி (தோட்டத் தொழிலாளர்களின் மேஸ்திரி) ஆள் சேர்க்க வந்தால், வீட்டில் எழுந்த கேள்வி இது: இலங்கையின் மலைநாடான கண்டிச் சீமைக்குப் போவதா, இன்றைய மலேசியாவின் பகுதியான மலாயாவுக்கா? போனவர்களின் நிலையை வைத்தே பார்ப்போம்.

தூரம்: கண்டிக்கு, ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்தில் தொழிலாளர்களைத் தங்கவைத்த முகாம் தாண்டிக் கொஞ்சம் கடல். மலாயாவுக்கு நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வரை பல நாள் கப்பல்.

வேலை: கண்டியில் தேயிலைக் கொழுந்து, மலாயாவில் ரப்பர் பால். இரண்டிலும் லயத்து வீடுதான், அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகள்.

கடன்: இலங்கையில் வழிச்செலவு தொழிலாளி தலையில் ஏறியது. கடனைக் குறித்த 'துண்டு' முறை அவரைக் கங்காணியோடு கட்டிப்போட்டது, 1921இல்தான் ஒழிந்தது. மலாயாவில் 1907 முதல் முதலாளிகளிடம் வசூலித்த நிதியே கப்பல் கட்டணத்தைக் கட்டியது.

போர்: 1942-43இல் ஜப்பானியர் மலாயாத் தோட்டத் தமிழர்களைச் சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை வேலைக்கு இழுத்துப்போனார்கள், ஆயிரக்கணக்கானோர் திரும்பவில்லை. கண்டிப் பக்கத்துத் தோட்டங்களான மலையகம் இதற்குத் தப்பியது.

குடியுரிமை: என் மனம் ஆறாத இடம் இது. இலங்கையின் 1948 சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களைக் கேட்காமலே, 5,25,000 பேரை இந்தியாவுக்கென்று எழுதியது. மலாயாவில் 1957 சுதந்திரத்தோடு பலர் குடிமக்களானார்கள். ஆனால் காகிதம் இல்லாதவர்கள் 1969க்குப் பின் வேலை அனுமதிக்கு அலைந்தார்கள்.

சரி, எது யாருக்கு? ஊருக்கு அடிக்கடி வந்துபோக நினைத்தவருக்குக் கண்டி. கடன் இல்லாமல் தொடங்கவும், பேரப்பிள்ளைகளுக்கு ஒரு நாடு இருக்கவும் வேண்டியவருக்கு மலாயா.