புடைப்பு உலக உருண்டை: மங்கோலியாவையும் வங்கதேசத்தையும் வைத்துச் செய்த சோதனை

ஆறாம் வகுப்புப் படிக்கும் மகளுக்காக 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள புடைப்பு உலக உருண்டை ஒன்றை 2,400 ரூபாய்க்கு வாங்கினேன். மலைத்தொடர்கள் விரலுக்குத் தட்டுப்படும்படி மேடாக வார்க்கப்பட்டிருக்கின்றன. உள்ளே இருக்கும் விளக்கை அணைத்து வைத்தால் நாடுகளும் எல்லைகளும் தெரியும். விளக்கை ஏற்றினால் எல்லைகள் பின்வாங்கி, மலை, பாலைவனம், கடலடி மேடுபள்ளம் ஆகியவை மேலெழுந்து வரும். உடன் நாடுகளின் விவரங்கள் அடங்கிய ஒரு கையேடும் தருகிறார்கள். தாங்கியும் அச்சும் உறுதியாக இருக்கின்றன, விளக்கு அதிகம் சூடாவதில்லை. இவற்றுக்கு மேல் அதன் செய்நேர்த்தியைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை. இது எதைக் கற்றுத் தருகிறது, எதைத் தவறாகக் காட்டுகிறது என்பதே நான் அறிய விரும்பியது. அதற்காக ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு ஆசிய நாடுகளை எடுத்துக்கொண்டு ஒரு மாதம் இதைப் பயன்படுத்திப் பார்த்தோம்.

முதலில் பரப்பளவு. மங்கோலியாவின் பரப்பு சுமார் 15.64 லட்சம் சதுர கிலோமீட்டர். வங்கதேசத்தின் பரப்பு சுமார் 1.48 லட்சம், அதாவது தமிழ்நாட்டைவிடச் சற்றே பெரியது. உண்மை விகிதம் ஏறக்குறைய பத்தரை மடங்கு. ஆனால் மெர்கேட்டர் முறையில் வரைந்த தட்டையான உலகப் படத்தில் துருவத்தை நெருங்க நெருங்க நிலம் உப்பித் தெரியும் என்பதால், 47 பாகை அட்சரேகையை ஒட்டியுள்ள மங்கோலியா 24 பாகையில் உள்ள வங்கதேசத்தைப் போல் சுமார் 19 மடங்கு பெரிதாகக் காட்சி தருகிறது. எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் படம் அந்த வகையைச் சேர்ந்தது. உருண்டையில் இந்தப் பிழை இல்லை. ஒரு சென்டிமீட்டர் என்பது சுமார் 425 கிலோமீட்டர், உருண்டையின் எந்தப் பகுதியில் வைத்து அளந்தாலும் அதே அளவுதான். இந்த ஒரு காரணத்துக்காகவே பள்ளி மாணவர் இருக்கும் வீட்டில் உருண்டை ஒன்று இருக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

இந்தப் பொருளின் உண்மையான மதிப்பு அதன் புடைப்பில் இருக்கிறது. டாக்காவும் மேற்கு மங்கோலியாவிலுள்ள கோவ்த் நகரமும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில், 90 முதல் 92 பாகைக்குள், அமைந்திருக்கின்றன. இரண்டுக்கும் இடையே சுமார் 2,700 கிலோமீட்டர் தூரம்; உருண்டையில் அது ஆறு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். மகளின் விரலை டாக்காவில் வைத்து நேர் வடக்கே நகர்த்தச் சொன்னேன். வங்கச் சமவெளி வழவழப்பாக இருந்தது. மேகாலயக் குன்றுகள் வந்தபோது விரல் இலேசாக ஏறியது. அஸ்ஸாம் பள்ளத்தாக்கைக் கடந்ததும் இமயம் சுவராக நின்றது. பூட்டானின் வட எல்லையில், டாக்காவின் தீர்க்கரேகையிலேயே, 7,570 மீட்டர் உயரமுள்ள கங்கார் புயென்சும் இருக்கிறது. இன்றுவரை யாரும் ஏறாத மலைகளில் இதுவே மிக உயரமானது. அதற்கு அப்பால் திபெத் பீடபூமி, பிறகு சீனாவின் சின்ஜியாங் பகுதியிலுள்ள பாலை, தியான் ஷான் மலைகளின் கிழக்குக் கோடி, கடைசியாக அல்த்தாய் மலைத்தொடர், அதன் மறுபுறம் கோவ்த்.

அந்த ஆறு சென்டிமீட்டருக்குள் இரண்டு நாடுகளின் தட்பவெப்பத்துக்கான ஒரு முக்கியக் காரணம் அடங்கியிருக்கிறது. வங்காள விரிகுடாவிலிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு வடக்கே போகும் தென்மேற்குப் பருவக்காற்று முதல் மேட்டிலேயே மோதிக் கொட்டிவிடுகிறது. வங்கதேச எல்லையை ஒட்டி மேகாலயத்தில் இருக்கும் மௌசின்ராமில் ஆண்டுக்குச் சராசரியாக 11,800 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்வதும், டாக்காவில் சுமார் 2,000 மில்லிமீட்டர் பெய்வதும், கோவ்தில் 150 மில்லிமீட்டர்கூடத் தேறாததும் அந்த மேட்டின், அதற்கு அப்பாலுள்ள இமயச் சுவரின் வேலை. குளிர்காலத்தில் அதே சுவர் எதிர்ப்பக்கமாகக் காவல் நிற்கிறது: சைபீரியாவிலும் மங்கோலியாவிலும் தேங்கிக் கிடக்கும் கனத்த குளிர்காற்றைத் தெற்கே இறங்கவிடாமல் தடுத்துவிடுவதால்தான் வங்கதேசத்தில் ஜனவரி இதமாக இருக்கிறது. பாடநூலில் மூன்று முறை படித்தும் மகளின் மனத்தில் நிற்காத இந்தச் செய்தி, விரல் ஏறி இறங்கிய ஒரு நிமிடத்தில் நின்றுவிட்டது.

ஆனால் புடைப்பில் ஒரு பெரிய குறை உண்டு. மலைத்தொடர்களை மட்டும் உயர்த்திய வார்ப்பாளர்கள் பீடபூமிகளை விட்டுவிட்டார்கள். மங்கோலியாவின் சராசரி உயரம் கடல்மட்டத்துக்கு மேல் 1,500 மீட்டரைத் தாண்டும். இந்த உருண்டையிலோ அல்த்தாயைத் தவிர மற்ற இடமெல்லாம் வங்கச் சமவெளியைப் போலவே வழவழப்பாக இருக்கிறது. அந்நாட்டின் கடுங்குளிருக்குக் கடலிலிருந்து விலகியிருப்பதோடு உயரமும் ஒரு காரணம் என்பதைத் தொட்டு அறிய வழியில்லை. மலைகளையும் பல மடங்கு மிகைப்படுத்தியே வார்த்திருக்கிறார்கள் (உண்மை அளவில் எவரெஸ்ட் இந்த உருண்டையில் கால் மில்லிமீட்டருக்கும் குறைவாகவே இருக்கும்). இந்த மிகை தேவையானதுதான், ஆயினும் கையேட்டில் அதை ஒரு வரியிலாவது சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொரு குறையை என்னால் எளிதில் மன்னிக்க முடியவில்லை. பிரம்மபுத்திரா அஸ்ஸாமோடு நின்றுவிடுகிறது. வங்கதேசத்துக்குள் அது ஜமுனா என்ற பெயரில் பாய்ந்து, பத்மாவோடும் (கங்கையின் வங்கதேசப் பெயர்) பிறகு மேக்னாவோடும் கலந்து கடலை அடைவதைக் காட்டாமல் அந்த நாட்டை விளக்க முடியாது. அந்த மூன்று ஆறுகளின் வடிநிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நாட்டின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. வெளியே பெய்த மழையும் கரைந்த மண்ணும் இந்தச் சிறிய நிலத்தின் வழியாகவே கடலுக்குப் போயாக வேண்டும். மங்கோலியாவின் நிலையோ நேர்மாறு. அதன் மேற்குப் பகுதி ஆறுகள் கடலையே காண்பதில்லை, உவ்ஸ் போன்ற ஏரிகளில் போய் முடிந்துவிடுகின்றன. உவ்ஸ் ஏரி உருண்டையில் தெளிவாக வரையப்பட்டிருக்கும்போது ஜமுனா விடுபட்டிருப்பது கவனக்குறைவு.

கடற்பகுதியை மட்டும் மனமாரப் பாராட்டுகிறேன். விளக்கை ஏற்றியதும் வங்காள விரிகுடாவின் வடமுனை வெளிர்நீலமாகத் தெரிகிறது. புனல் போலக் குறுகி, ஆழமும் குறைந்துகொண்டே வரும் அந்த மூலையில் புயல் தள்ளிவரும் நீர் பரவ இடமின்றி உயர்ந்துவிடுகிறது என்பதை அங்கே காட்டி விளக்கலாம். 1970 நவம்பரில் போலா புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேரும், 1991 ஏப்ரலில் சுமார் 1,38,000 பேரும் மாண்டது அந்த வெளிர்நீலத்தின் கரையில்தான். இதைச் சொன்னபோது மகள் வெகுநேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையேடு சராசரிகளை நம்பி எழுதப்பட்டது; மங்கோலியாவுக்கு 'குளிர், வறட்சி' என்றும் வங்கதேசத்துக்கு 'வெப்பம், ஈரம்' என்றும் இரண்டிரண்டு சொற்களோடு நிறுத்திக்கொள்கிறது. மங்கோலியத் தலைநகர் உலான் பத்தூரின் ஜனவரிச் சராசரி சுமார் மைனஸ் 20 பாகை செல்சியஸ். ஜூலையில் அது சுமார் 18 பாகைக்கு ஏறுகிறது. டாக்காவின் ஜனவரியும் ஏறத்தாழ அதே 18 பாகைதான். உலான் பத்தூரின் நடுக்கோடையும் டாக்காவின் நடுக்குளிர்காலமும் சமம் என்ற ஒரு வாக்கியம் கையேட்டின் அரைப்பக்கத்தைவிட அதிகம் சொல்லியிருக்கும்.

மக்களைக் காட்டுவதில் இந்த உருண்டை முற்றிலும் தவறுகிறது. மங்கோலியா அகன்ற மஞ்சள் பரப்பாக எழுந்து நிற்க, வங்கதேசம் தன் பெயரைக்கூடத் தாங்க இடமின்றி, அந்தப் பெயர் கடலில் அச்சாகியிருக்கிறது. இந்த அச்சைப் பார்க்கும் குழந்தை எதைப் பெரிய நாடு என்று நினைக்கும்? வங்கதேசத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பதிவானவர்கள் சுமார் 16.5 கோடிப் பேர்; மங்கோலியாவில் இருப்பவர்கள் சுமார் 35 லட்சம் பேர், அவர்களிலும் ஏறக்குறைய பாதிப்பேர் தலைநகரில். சதுர கிலோமீட்டருக்கு மங்கோலியாவில் இரண்டு பேர், வங்கதேசத்தில் 1,100 பேருக்கு மேல்.

டிரேஸிங் தாளில் இரு நாடுகளையும் படியெடுத்து, பத்து லட்சம் பேருக்கு ஒரு கடுகு என்று வைத்துப் பார்த்தோம். மங்கோலியாவில் மூன்றரைக் கடுகு. மூன்றை வைத்துவிட்டு, நான்காவதை என்ன செய்வதென்று மகள் யோசித்தாள். வங்கதேசத்தின் பரப்பு அந்தத் தாளில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கும் குறைவு. நாற்பது கடுகுக்குள் அது நிரம்பிவிட, மீதி நூற்றுக்கு மேற்பட்டவை உள்ளங்கையிலேயே இருந்தன. ஆண்டுதோறும் வண்டல் சேரும் மண்ணில் ஆவுஸ், அமன், போரோ என மூன்று நெற்பருவங்கள் வாய்ப்பதால் அத்தனை பேருக்கும் சோறு கிடைக்கிறது. புல்லைத் தவிர வேறெதுவும் எளிதில் விளையாத மங்கோலிய மேட்டுநிலத்தில் மனிதர் கால்நடையின் பின்னே நகர்ந்து வாழ வேண்டியிருக்கிறது. அந்தக் கால்நடைகளின் எண்ணிக்கை சுமார் ஆறு கோடி; பனி இறுகிப் புல்லை மூடும் 'ட்சுட்' என்ற கொடுங்குளிர் வந்தால் அவையும் கூட்டங்கூட்டமாக மடிகின்றன. 2009-10 குளிர்காலத்தில் மட்டும் எண்பது லட்சத்துக்கும் மேற்பட்டவை மடிந்தன.

இந்த விலைக்கு இதை வாங்கலாம் என்றே சொல்வேன், ஆனால் ஜமுனாவை நீல மார்க்கர் பேனாவால் நீங்களே வரைந்துகொள்ள வேண்டியிருக்கும். இதே வகையில் 20 சென்டிமீட்டர் உருண்டை ஒன்று பாதி விலைக்குக் கிடைக்கிறது. கடையில் அதையும் தொட்டுப் பார்த்தேன்: அதில் இமயம் ஒரு கீறல் போலத்தான் தட்டுப்படுகிறது, வங்கதேசம் ஒரு மிளகின் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அதை வாங்க வேண்டாம்.