ஸ்டேட்டிக் ரூட் போட ஸ்டேட்டிக் ஐ.பி. வேண்டும் என்று யாராவது சொன்னால் பணம் கொடுக்காதீர்கள்

வீட்டில் இரண்டு ரவுட்டர் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். 4,500 ரூபாய் போனது ஒரு பக்கம். எங்கள் வீட்டு கேமரா மூன்று மாதம் ஊருக்கே திறந்து கிடந்ததுதான் இன்னும் மனசு ஆறவில்லை.

கீழே ஹாலில் ஃபைபர்காரர்கள் வைத்த ரவுட்டர், 192.168.1.1. மாடியில் நான் வாங்கி வைத்தது. அதன் உள் நெட்வொர்க் 192.168.20.0. கேமரா ரெக்கார்டர் மாடியில் இருக்கிறது. மாடி வைஃபையில் கேமரா தெரியும், கீழே அம்மாவின் போனில் தெரியாது. வாசலில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கதவைத் திறக்கத்தான் அம்மாவுக்கு அது வேண்டும்.

கடையிலிருந்து வந்தவர், "சார், இதுக்கு ஸ்டேட்டிக் ரூட் போடணும். ஸ்டேட்டிக் ஐ.பி. இல்லாம அது ஓடாது" என்றார். ஸ்டேட்டிக் ரூட் என்பது, ஒரு நெட்வொர்க்குக்கு எந்த வழியாகப் போக வேண்டும் என்று ரவுட்டரில் நாமே எழுதி வைக்கும் வரி. ஸ்டேட்டிக் ஐ.பி. என்பது, நெட் கம்பெனி நம் இணைப்புக்குத் தரும் மாறாத வெளி முகவரி. அதற்கு வருடத்துக்கு 3,000, வேலைக்கு 1,500. நம்பிக் கொடுத்தேன். அரை மணியில் அம்மாவின் போனில் கேமரா வந்தது. ரவுட்டர் பாஸ்வேர்டை மாற்றிவிட்டுப் போய்விட்டார்.

போன வாரம் மழையில் தெருவில் ஃபைபர் அறுந்தது. நெட் போனதும் அம்மாவின் போனில் கேமராவும் போனது. மாடியில் இருக்கிற பெட்டியைக் கீழே இருந்து பார்க்க வெளி நெட் எதற்கு? மூன்று முறை போன் செய்து சண்டை போட்டுத்தான் பாஸ்வேர்டை வாங்கினேன்.

உள்ளே போய்ப் பார்த்தால் ரூட் ஒன்று இருந்தது: 192.168.20.0, 255.255.255.0, கேட்வே (அடுத்துப் போக வேண்டிய முகவரி) 192.168.20.1. அந்த கேட்வே தப்பு. 192.168.20-இல் தொடங்கும் பக்கத்துக்கு வழி தெரியாமல்தானே ரூட்டே போடுகிறோம்! கீழ் ரவுட்டர் நேராகத் தொடக்கூடிய முகவரியைத்தான் அங்கே கொடுக்க வேண்டும், அதாவது மாடி ரவுட்டரின் வேன் போர்ட்டில் (கீழ் ரவுட்டரிலிருந்து வரும் வயரைச் செருகும் இடம்) உள்ள 192.168.1.2. அந்த வரி ஒரு வேலையும் செய்யாமல் கிடந்தது. கேமரா வந்த வழியே வேறு. டி.எம்.இசட்-ஐ ஆன் செய்து, வெளியிலிருந்து வருவதை எல்லாம் மாடி ரவுட்டருக்குத் தள்ளி, அங்கிருந்து ரெக்கார்டரின் போர்ட்டைத் திறந்துவிட்டிருந்தார். அம்மாவின் போன் எங்கள் வெளி ஐ.பி.யைத் தேடிப் போய்த்தான் மாடிக்கு வந்துகொண்டிருந்தது. ரெக்கார்டர் பாஸ்வேர்டோ அவரே போட்ட 12345. கம்பெனி பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்துத்தான் 2016-இல் மிராய் என்ற கெடுதல் மென்பொருள் அத்தனை பெரிய தாக்குதல் நடத்தியது. வயதான அம்மா தனியாக இருக்கிற வீட்டுக்கு இப்படிச் செய்யலாமா?

வீட்டுக்குள்ளேயே இருக்கிற இரண்டு நெட்வொர்க்குக்கு நடுவே வழி சொல்வதுதான் ஸ்டேட்டிக் ரூட். வெளி ஐ.பி. மாறினாலும் மாறாவிட்டாலும் அதற்குக் கவலையில்லை. டி.எம்.இசட்-ஐ அணைத்தேன். மாடி ரவுட்டருக்கு 192.168.1.2 மாறாமல் இருக்க கீழ் ரவுட்டரில் அட்ரஸ் ரிசர்வேஷன் போட்டேன். கேட்வேயைத் திருத்தி, மாடியில் என்.ஏ.டி.-யை (உள்ளே இருக்கிற முகவரிகளை மறைத்து ரவுட்டரின் ஒரே முகவரியாகக் காட்டும் வேலையை) நிறுத்தினேன். சில ரவுட்டரில் அதை நிறுத்தவே முடியாது. அப்படியானால் மாடி ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை மட்டும் தரும் பெட்டி) ஆக்கிவிடுங்கள், வீடு முழுக்க ஒரே நெட்வொர்க் ஆகிவிடும், ரூட்டே வேண்டாம். எனக்கு அதைத்தான் அவர் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

யாரை வைத்து வேலை செய்தாலும், பணம் கொடுக்கும் முன் ஃபைபர் வயரைக் கழற்றிவிட்டு கேமரா வருகிறதா என்று அவர் முன்னாலேயே பாருங்கள். நேற்று நான் கழற்றிப் பார்த்தேன். அம்மாவின் போனில் வாசலும் கோலமும் தெளிவாகத் தெரிந்தன. அந்த 3,000 மட்டும் திரும்ப வராதாம்.