346-ஐ 499 ஆக்கலாமா? பழைய புல்லட்டும் கச்சான் காற்றும்

காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு) என்ஜின் உள்ள பழைய ராயல் என்ஃபீல்டு புல்லட் 350 வைத்திருப்பவனுக்கு அதை 500 ஆக்கும் ஆசை என்றைக்காவது ஒரு நாள் வந்தே தீரும். எனக்குப் பாம்பன் பாலத்தின் மேல் வந்தது. ராமேஸ்வரத்திலிருந்து திரும்பும்போது எதிரே கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று. பின்னால் வீட்டுக்காரி, அவள் மடியில் ஒரு கூடை. நாலாவது கியரில் வண்டி முனகியது. மூன்றுக்கு இறக்கித்தான் பாலம் கடந்தேன். "இதுல 500 செட்டப் போட்டுருவோம் மாப்ள" என்றார் மச்சான். அவர் வண்டியில் ஏற்கெனவே போட்டாயிற்று.

சரி, கணக்கைப் பார்ப்போம். 350-இன் போர், அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உள்விட்டம், 70 மி.மீ. ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 90. இந்த இரண்டும் சேர்ந்து தரும் கொள்ளளவுதான் 346 சிசி. 500-க்கும் ஸ்ட்ரோக் அதே 90தான், போர் மட்டும் 84; அது 499 சிசி. அதையும் 87 ஆக்கினால் 535. இந்த அளவில் கம்பெனியே 2013-இல் கான்டினென்டல் ஜிடியை இறக்கியது. தேய்ந்த பேரலை (சிலிண்டரை) லேத்தில் கடையக் கொடுத்து 1 மி.மீ. ஓவர்சைஸ் (பெரிய) பிஸ்டன் போட்டால் கிடைப்பதோ 356 சிசி. பத்து சிசி! கேட்டவர்கள் சிரித்தார்கள்.

ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. பழைய 350-க்குக் கம்பெனி சொன்ன சக்தி 18 குதிரைத்திறன், 500-க்கு 22. சிசி 44 சதவீதம் ஏறியும் குதிரை ஏறியது 22 சதவீதம்தான். கீழ்வேகத்து இழுவை கூடும், அதை மறுக்க மாட்டேன். மச்சான் வண்டி ஆள் ஏற்றிக்கொண்டு மணலிலிருந்து கிளம்புவதைப் பார்த்தால் பொறாமையாகத்தான் இருக்கும். அதற்காக அவர் பேரல் உட்காரும் கிராங்க்கேஸின் (என்ஜினின் அடிப்பெட்டி) வாயைக் கடைந்து அகலப்படுத்தி, மேல்மூடியான ஹெட்டையும் கார்புரேட்டரையும் மாற்றினார். அப்புறம் கிளட்ச் நழுவியது, அதற்கும் செலவு. முன்சக்கரத்தில் இருப்பது இன்னும் அதே ட்ரம் பிரேக்.

சூடுதான் பெரிய தலைவலி. காற்றால் குளிரும் என்ஜினுக்கு வீசுகிற காற்று போதாது, பேரலைச் சுற்றியுள்ள தகடுகளான ஃபின்களுக்கு நடுவே பாய்கிற காற்று வேண்டும். ஆடி மாதம் உச்சிப்புளி தாண்டி மண்டபம் போகும்போது கச்சான் முதுகில் அடிக்கும். வண்டியும் காற்றும் ஒரே திசையில் போனால் என்ஜினுக்கு என்ன மிஞ்சும்? அந்த ரோட்டில்தான் மச்சான் வண்டி சீஸ் ஆனது, அதாவது பிஸ்டன் பேரலுக்குள் இறுகிக்கொண்டது. "டக்"கென்று ஒரு சத்தம், பின்சக்கரம் இழுத்துக்கொண்டு நின்றது. கழற்றினால் பிஸ்டனின் பாவாடையில் (கீழ்ப்பக்கச் சுவரில்) நீள நீளமாகக் கீறல். இரும்பு பேரலைவிட அலுமினிய பிஸ்டன் அதிகமாக விரியும். லேத்துக்காரர் விட்ட இடைவெளி அந்தச் சூட்டுக்குப் போதவில்லை. ஃபின் இடுக்கில் வேறு உப்பும் மணலும் அப்பிக்கிடந்தன.

இது புல்லட்டுக்கு மட்டும் உள்ள சிக்கல் இல்லை. 1964-இல் 80 மி.மீ. போரோடு வந்த போர்ஷே 911 வளர்ந்து வளர்ந்து 2.7 லிட்டரில் 90-ஐத் தொட்டது. அந்தச் சூட்டில் மெக்னீசியம் கிராங்க்கேஸிலிருந்து, சிலிண்டரைப் பிடித்திருக்கும் ஸ்டட்கள் (போல்ட்கள்) பிடுங்கிக்கொண்டு வந்தன. பிறகு 95 மி.மீ. போட்டபோது அலுமினிய கேஸுக்கு மாறினார்கள்.

535-ஐ நான் யோசிக்கவே இல்லை. இருக்கிற 500 பேரலையே குடைந்தால் சுவர் ஒவ்வொரு பக்கமும் 1.5 மி.மீ. மெலியும். நம் ஊர் வெயிலில் அது வேண்டாத வேலை. ஆர்.சி. புக்கும் ஒன்று இருக்கிறது. அதில் இருப்பது 346. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி முதலில் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அந்தப் புத்தகத்தைத்தான்.

கடைசியில் வண்டியைக் கீழக்கரை மெக்கானிக் காக்காவிடம் (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) கொண்டுபோனேன். முப்பது வருடமாகப் புல்லட் மட்டும் பார்ப்பவர். 500 பேச்சை எடுத்ததும், "தம்பி, பாயிண்ட் கேப்பை எப்பப் பாத்தீங்க?" என்றார். தீப்பொறியை நேரத்துக்கு விடும் பாயிண்டின் இடைவெளியைத்தான் கேட்டார். பார்த்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. தீப்பொறி விழும் டைமிங்கும் பின்தங்கிக் கிடந்தது. அவர் கைப்பட 71-க்குப் போர் போட்டார், இழுவை கூடட்டும் என்று செயினை ஓட்டும் முன் ஸ்ப்ராக்கெட்டில் (பல்சக்கரத்தில்) ஒரு பல் குறைத்தார், ஏர் ஃபில்டரைத் தூக்கிப் போட்டுப் புதிது வைத்தார். அவ்வளவுதான்.

இப்போது எதிர்க்காற்றில் பாலத்தை நாலாவது கியரிலேயே கடக்கிறேன். உச்ச வேகம் குறைந்துவிட்டது, அது உண்மை. மண்டபம் வரும்வரை மச்சான் முன்னால்தான் போகிறார். அங்கே டீக்கடையில் என்ஜின் ஆறட்டும் என்று நிற்கும்போது எட்டிப் பிடித்துவிடுகிறேன்.