நவூருவுக்கு எந்தக் களம் சரி?

வெறும் 21 சதுர கிலோமீட்டர் நிலம், சுமார் 12,000 மக்கள். பசிபிக் பெருங்கடலில் இருக்கும் இந்தக் குட்டித் தீவு நாடான நவூரு, பசிபிக் விளையாட்டுப் போட்டிக்கும் போகிறது, மைக்ரோனேசிய விளையாட்டுப் போட்டிக்கும் போகிறது.

1963இல் பிஜியின் தலைநகர் சுவாவில் தொடங்கிய பசிபிக் போட்டிதான் பெரியது. பப்புவா நியூ கினி, பிஜி, நியூ கலிடோனியா எல்லாம் அங்கே எதிரே நிற்கும். குழு ஆட்டங்களில் நவூரு திணறும், ஆளே போதாது. ஆனால் பளுதூக்குதலுக்கு ஒரே ஒரு ஆள் போதும். ஸ்நாட்ச் (ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது), கிளீன் அண்ட் ஜெர்க் (முதலில் தோளுக்கு, பிறகு தலைக்கு மேல் தூக்குவது), இரண்டின் மொத்தம் என ஒருவரே மூன்று பதக்கம் வாங்கிவிடலாம். 1990 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில் பளுதூக்கித் தங்கம் வென்ற மார்கஸ் ஸ்டீபன் இந்த ஊர்க்காரர்தான். அப்புறம் நாட்டின் அதிபராகவே ஆனார்!

மைக்ரோனேசியப் போட்டி 1969இல் வடக்கு மரியானா தீவுகளில் உள்ள சைபனில் பிறந்தது. பலாவு, மார்ஷல் தீவுகள், குவாம் என அக்கம்பக்கத்து ஊர்கள். தென்னை ஏறுதல், தேங்காய் உரித்தல், ஈட்டி எறிதல், நீச்சல் எல்லாம் சேர்ந்த ஒரு பந்தயமே அங்கே உண்டு.

பளுதூக்குபவருக்கு முன்னது. முதல்முறை வெளியூர் போகும் பிள்ளைகளுக்கு, என்னைக் கேட்டால், பின்னதுதான்.