டிரை கிளவ், ஐந்து சீசன், ஒரு கயிற்றுத் துண்டு

போன வாரம் என் டிரை கிளவில், அதாவது தண்ணீர் புகாத முங்கு கையுறையில், வலது கை உறையை மாற்றிக்கொண்டிருந்தேன். எப்போதும் என்னோடு முங்குகிற தம்பி பார்த்துவிட்டு, "அண்ணை, நானும் டிரை கிளவ் வாங்கட்டே?" என்றான். அவனுக்கான பதில்தான் இது.

நாங்கள் முங்குவது கனடாவின் டொபர்மொரியில், ஹியூரான் ஏரியில். ஓகஸ்டில் மேல்நீர் இதமாக இருக்கும். அதே நாளில் 30 மீட்டர் இறங்கினால் 4, 5 பாகைதான். நன்னீர் 4 பாகையில்தான் அதிகம் கனக்கும். அந்தக் கனத்த நீர் அடியிலேயே கிடக்கும், கோடை வெயில் அதுவரை எட்டாது.

முதலில் 5 மில்லிமீட்டர் நியோப்ரீன் என்ற நுரை ரப்பர் உறைதான் போட்டேன். இருபது நிமிடத்தில் விரல் மரத்துவிடும். படகில் ஏறியபின் ரத்தம் திரும்புகிற வலி அதைவிட மோசம். டிரை கிளவுக்கு மாறிய முதல் நாள், நாற்பது நிமிடம் கழித்துக் கழற்றினால் உள்ளே கம்பளி உறை காய்ந்து வெதுவெதுப்பாக இருந்தது. அந்தச் சந்தோஷம் இன்றைக்கும் குறையவில்லை.

என் கோபமெல்லாம் கயிற்றின் மேல். 10 மீட்டரில் உறைக்குள் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கிவிடும். ரப்பர் தோலோடு ஒட்டி, கம்பளியை நசுக்கும். நசுங்கிய கம்பளியில் சூடு நிற்காது. அதனால் டிரை சூட்டின் (தண்ணீர் புகாத முங்கு உடையின்) மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்கும் சீலுக்கு அடியில் ஒரு சின்னக் கயிற்றைச் செருகி வைப்போம். கையைத் தலைக்கு மேல் தூக்கினால் உடையிலிருந்து காற்று அந்த வழியே ஊறி வரும், விரல் ஒவ்வொன்றாகப் புடைக்கும். அருமையான ஏற்பாடு. ஆனால் உறை கிழிந்தால் தண்ணீரும் அதே வழியாகத்தான் உடைக்குள் போகும்.

1999-இல் வேண்டுமென்றே மூழ்கடித்த நயாகரா-2 கப்பலில் எனக்கு அதுதான் நடந்தது. துருப்பிடித்த விளிம்பு ஒன்று உறையின் பெருவிரல் ஓரத்தைக் கீறியது. கீறல் அரை அங்குலம்கூட இல்லை. முழங்கை வரை நனைந்துவிட்டது. மேலே ஏறும்போது 5 மீட்டரில் நிற்கிற நிறுத்தத்தில் வழிகாட்டி நூல் ரீலைச் சுற்ற விரல் மடங்கவில்லை, தம்பிதான் வாங்கிச் சுற்றினான். கயிறு இல்லாதிருந்தால் கை மட்டும்தான் நனைந்திருக்கும். விற்றவர்கள் இதை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். கேட்டபோதும் சரியான பதில் இல்லை.

உறையை உடையோடு பூட்டும் ரிங்கைப் பற்றிப் பெரிதாகக் குறை இல்லை. அதிலுள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தில் ஒரு கம்பளி இழை சிக்கினாலே கசியும். மாட்டுவதற்கு முன் விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தால் போதும்.

சரி, வாங்கலாமா? இந்த சீசன் வேண்டாம், தம்பி. இத்தனை புகழ்ந்த பிறகும் அதைத்தான் சொல்வேன். முதலில் முங்கு உடைக்குள் போட நல்ல தடித்த வெஸ்ட் வாங்கு. நெஞ்சு குளிர்ந்தால் உடம்பு கைக்குப் போகும் ரத்தத்தைத்தான் முதலில் குறைக்கும். அப்புறம் எந்த உறை போட்டாலும் விரல் விறைக்கும். கப்பலுக்குள் கை வைக்காமல் நீந்தப் பழகு. அடுத்த மே மாதம் என்னுடைய இடது கை உறையைப் போட்டுப் பார். அதில் கயிறு இருக்கிறது. வலது கையில் இனிமேல் செருகப் போவதில்லை.