கற்பனைப் பேரரசுக்கு அதிகாரிகள் எங்கிருந்து வருவார்கள்? சீனத் தேர்வறை, ஒட்டோமான் அரண்மனை, ரோமானியப் பதவிப்படி: ஓர் ஒப்பீடு

கதைக்காக ஒரு பேரரசை உருவாக்க உட்கார்ந்தால் வரைபடம், கொடி, அரச குலத்தின் வம்சாவளி எல்லாம் சீக்கிரம் அமைந்துவிடும். தலைநகரிலிருந்து இரண்டு மாதப் பயணத் தொலைவில் ஒரு மாகாணம் இருக்கிறது, அங்கே வரிக்கணக்கு பார்ப்பவர் யார், எங்கே படித்தார், அந்தப் பதவிக்கு எப்படி வந்தார் என்ற கேள்விதான் பெரும்பாலும் விடுபட்டுப்போகும். அதை முடிவு செய்யாமல் எழுதும்போது எல்லா மந்திரிகளும் ஒரே அச்சில் வார்த்த சூழ்ச்சிக்காரர்களாக வந்து நிற்கிறார்கள்.

இந்தக் கேள்விக்கு வரலாறு மூன்று பெரிய விடைகளைத் தந்திருக்கிறது. சீனா தேர்வு வைத்தது. ஒட்டோமான் சுல்தான்கள் பிள்ளைகளைப் பிடித்து வந்து அரண்மனையில் வளர்த்தார்கள். ரோமாபுரி குடும்பத்தையும் வாக்காளரையும் நம்பியது. இவற்றை ஒப்பிட நான் பாடத்திட்டத்தை அளவுகோலாக எடுக்கவில்லை. பதவிக்கு வருபவர் யாருக்குக் கடன்பட்டு வருகிறார், வர முடியாதவர் எங்கே போகிறார் என்ற இரண்டையும்தான் பார்க்கிறேன். ஆட்சியின் குணம் பெரும்பாலும் இந்த இரண்டிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

சீனாவில் தொடங்குவோம். சுய் வம்சக் காலத்தில் முளைத்த தேர்வுமுறை, இடையில் சில தடைகள் வந்தாலும், 1905இல் ஒழிக்கப்படும் வரை ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் நீடித்தது. பிற்கால மிங், சிங் வம்சங்களின் காலத்தில் மாவட்ட அளவில் தேறி, பிறகு மூன்றாண்டுக்கு ஒருமுறை நடக்கும் மாகாணத் தேர்வை எழுதி, அதிலும் தேறினால் தலைநகருக்குப் போக வேண்டும். கடைசிப்படி பேரரசர் பெயரில் நடக்கும் அரண்மனைத் தேர்வு. நான்ஜிங் தேர்வு வளாகத்தில் மட்டும் அதன் உச்சக் காலத்தில் 20,000க்கும் மேற்பட்ட சிற்றறைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு பலகைகள். பகலில் அவை மேசையும் இருக்கையும், இரவில் சேர்த்துப் போட்டால் படுக்கை. மாகாணத் தேர்வில் நூறு பேர் எழுதினால் ஒருவரோ இருவரோ தேறுவார்கள். உச்சப்பட்டமான ஜின்ஷி கிடைக்கும்போது பலருக்கு முப்பது வயது தாண்டியிருக்கும்.

நேர்மைக்காக அவர்கள் செய்த ஏற்பாடுகளை இன்றைக்குப் படித்தாலும் வியப்பாக இருக்கிறது. மிங்குக்கு முந்தைய சொங் வம்சக் காலத்திலேயே விடைத்தாளில் பெயரை மறைத்தார்கள். அதோடு நிற்கவில்லை. கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கக்கூடாது என்று ஒவ்வொரு விடைத்தாளையும் எழுத்தர்களைக் கொண்டு நகலெடுத்து, நகலைத்தான் திருத்துபவரிடம் கொடுத்தார்கள். தேர்ச்சி பெற்றவர்கள் தங்களைத் தேர்ந்தெடுத்தவரையே குருவாகக் கொண்டாடி அவர் பின்னால் அணி சேர்வது வழக்கமாகிவிட்டிருந்தது. 973இல் சொங் பேரரசர் இறுதித் தேர்வைத் தானே நடத்தத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். தேர்வானவர் கடன்பட வேண்டியது அரியணைக்கே, வேறெந்த அதிகாரிக்கும் இல்லை என்பது அதன் பொருள். கதை எழுதுபவர் கவனிக்க வேண்டிய இடம் இது. தேர்வு வைத்தாலும் ஆள் சேர்ப்பு நிற்காது. குரு-சீடன் என்ற பெயரில் புதிய குலம் உருவாகும்.

இந்த முறைக்கு ஒரு பெரிய ஓட்டையும் உண்டு. மிங், சிங் காலத் தேர்வில் முக்கியமாகக் கேட்டது கன்ஃபூசிய நூல்களும் அவற்றுக்கான உரையும், எட்டு உறுப்புகள் கொண்ட கட்டுரை வடிவமும்தான். தேறியவர் சொந்த மாகாணத்தில் பணியாற்றக்கூடாது என்பது சட்டம். ஆக, ஊர்ப் பேச்சு புரியாத, வரியும் வழக்கும் கற்காத ஒருவர் நீதிபதியாகவும் ஆட்சியராகவும் வந்து இறங்குவார். என்ன செய்வார்? சொந்தப் பணத்தில் சட்டம், கணக்கு தெரிந்த தனி உதவியாளர்களை அமர்த்திக்கொள்வார். ஷாவோஷிங் என்ற ஊர் இப்படிப்பட்ட உதவியாளர்களுக்கே பெயர் பெற்றிருந்தது. அலுவலகத்தில் தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்திருக்கும் உள்ளூர் எழுத்தர்களோ மக்களிடம் வாங்கும் கட்டணத்தில் வாழ்ந்தார்கள். உண்மையான ஆட்சி இவர்களிடம்தான் இருந்தது என்பது என் எண்ணம். தேர்வு தந்தது வேறொன்று: நாட்டின் எந்த மூலைக்குப் போனாலும் ஒரே நூல்களைப் படித்த, ஒரே ஒழுக்கத்தைப் பேசுகிற ஒரு வர்க்கம். பேரரசு உடையாமல் இருக்க அது எவ்வளவு உதவியது என்பதைக் குறைத்து மதிப்பிட முடியாது.

வட்டாரச் சமநிலையும் அவர்களைப் பாடாய்ப் படுத்தியது. 1397இல் தலைநகர்த் தேர்வில் தேறியவர்கள் அத்தனை பேரும் தென்பகுதிக்காரர்கள். வடக்கே கொந்தளிப்பு. மிங் பேரரசர் மறுதேர்வுக்கு ஆணையிட்டார். புதிய பட்டியலில் இருந்த எல்லோரும் வடக்கத்தியர். தேர்வுப் பணியில் இருந்த சிலருக்கு மரண தண்டனை. பிறகு வடக்குக்கும் தெற்குக்கும் தனித்தனி ஒதுக்கீடு வந்தது. தகுதியா பிரதிநிதித்துவமா என்ற வாதம் அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இவ்வளவு கூர்மையாக நடந்திருக்கிறது.

அப்புறம், தோற்றவர்கள். பெரும்பாலோர் கிராமத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்கள், மனு எழுதிக் கொடுத்தார்கள், சிலர் வைத்தியம் பார்த்தார்கள். அப்படித் தோற்றவர்களில் ஒருவரான ஹொங் ஷியுச்சுவான் தென்சீன நகரான குவாங்சோவில் திரும்பத் திரும்பத் தோற்றார். 1837 தோல்விக்குப் பின் நோயில் விழுந்து தரிசனங்கள் கண்டார், தன்னை ஏசுவின் தம்பியாகக் கருதினார், 1851இல் சிங் பேரரசை எதிர்த்துத் தைப்பிங் விண்ணரசு என்ற தனி அரசை அறிவித்தார். 1864 வரை நீண்ட அந்தப் போரில் இறந்தவர்கள் இரண்டு கோடிக்குக் குறையாது என்பது பொதுவான மதிப்பீடு. அவர் நான்ஜிங்கைப் பிடித்துத் தலைநகராக்கியபின் தன் அரசுக்கும் தேர்வு நடத்தினார். அந்த முறை அவரை எவ்வளவு காயப்படுத்தியிருந்தாலும், அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க அவருக்கும் வேறு வழி தோன்றவில்லை.

ஒட்டோமான் விடை இதற்கு நேர் எதிர்த்திசையில் போகிறது. பால்கன் பகுதிக் கிறித்தவக் குடும்பங்களிலிருந்து சிறுவர்களைக் கட்டாயமாக எடுத்துக்கொண்டு போவது தேவ்ஷிர்மே. பெரும்பாலோர் மதம் மாற்றப்பட்டு, அனத்தோலியப் பண்ணைகளில் உழைத்துத் துருக்கி மொழி கற்று, சுல்தானின் நிரந்தரக் காலாட்படையான ஜானிசரி படையில் சேர்வார்கள். அறிவிலும் தோற்றத்திலும் சிறந்தவர்கள் என்று பொறுக்கிய சிலர் மட்டும் அரண்மனைப் பள்ளிகளுக்குப் போவார்கள். அங்கிருந்து இன்னும் வடிகட்டி தோப்கபி அரண்மனையின் உட்பள்ளியான எண்டெரூனுக்கு. துருக்கி, அரபு, பாரசீகம், குர்ஆன், கையெழுத்துக் கலை, இசை, குதிரையேற்றம், வில்வித்தை, கூடவே ஏதாவது ஒரு கைத்தொழில் என்று படிப்பு போகும். ஒவ்வொரு கூடமாக மேலேறி, சிலர் சுல்தானின் அந்தரங்க அறைப் பணிக்கு வருவார்கள். அங்கிருந்து வெளியே அனுப்பப்படுபவர் மாவட்ட ஆளுநர், மாகாண ஆளுநர், வஸீர் என்னும் மந்திரி என்று உயரலாம்.

பயிற்சி என்ற அளவில் மட்டும் பார்த்தால் மூன்றிலும் இதுதான் சிறந்தது என்று தயங்காமல் சொல்வேன். படிப்பு, உடல், நடத்தை, அரசவைப் பணி எல்லாம் ஒன்றாக, பல ஆண்டுகள், கண்காணிப்பில் நடந்தன. விளைவுக்கு சொக்கொல்லு மெஹ்மெத் பாஷாவைப் பாருங்கள். இன்றைய போஸ்னியாவில் விஷெக்ராத் அருகே செர்பியக் குடும்பத்தில் பிறந்தவர். கடற்படைத் தலைவர், பால்கன் மாகாணமான ருமேலியாவின் ஆளுநர், வஸீர் என்று படிப்படியாக வந்து 1565 முதல் 1579 வரை மூன்று சுல்தான்களிடம் தலைமை வஸீராக இருந்தார். 1566இல் ஹங்கேரியில் சிகெத்வார் கோட்டை முற்றுகையின்போது சுல்தான் சுலைமான் இறந்ததை, வாரிசு செலீம் வந்து சேரும்வரை வாரக்கணக்கில் படைக்குத் தெரியாமல் மறைத்து அரசைக் காப்பாற்றினார். பிறந்த ஊருக்கு அருகே விஷெக்ராதில் திரினா ஆற்றின் மேல் பாலம் கட்டினார். 1557இல் செர்பியத் திருச்சபையின் தலைமைப்பீடம் மீண்டும் நிறுவப்பட்டபோது அதில் அமர்ந்தவர் இவருடைய உறவினர். வேரை அறுத்துவிட்டோம் என்று அரசு நினைத்தது. முழுவதும் அறுபடவில்லை.

இப்போது விலையைப் பேச வேண்டும். தாயிடமிருந்து பிடுங்கிய பிள்ளைகள் இவர்கள். எவ்வளவு உயர்ந்தாலும் சட்டப்படி சுல்தானின் அடிமைகள். சுலைமானின் நெருங்கிய நண்பரும் அடிமையாக வந்தவருமான இப்ராஹிம் பாஷா பதின்மூன்று ஆண்டுகள் தலைமை வஸீராக இருந்து 1536இல் அரண்மனையிலேயே கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார். விசாரணை கிடையாது. சொத்து கருவூலத்துக்கு. மகனுக்குப் பதவி போகக்கூடாது என்பதுதான் முழு ஏற்பாட்டின் அடித்தளம். ஆனால் காலப்போக்கில் ஜானிசரிகள் மணம் செய்து, பிள்ளைகளைப் படையில் சேர்த்து, தங்களுக்கென்று ஒரு சாதியாகவே ஆனார்கள். 1622இல் தங்களை ஒழிக்கப் பார்க்கிறார் என்ற சந்தேகத்தில் இரண்டாம் ஒஸ்மான் சுல்தானையே கொன்றார்கள். குடும்பமே இல்லாத அதிகாரியை உருவாக்கும் ஆசை எங்கும் நெடுநாள் நிற்பதில்லை.

ரோமைச் சுருக்கமாகவே பார்க்கலாம், ஏனென்றால் அங்கே அரசு நடத்திய பயிற்சிப் பள்ளி என்று எதுவும் இல்லை. மேட்டுக்குடி இளைஞன் ஒரு பெரிய மனிதரின் பின்னால் நடந்து, நீதிமன்றத்தில் உட்கார்ந்து கற்பான். பேச்சாளரும் அரசியல்வாதியுமான சிசரோ சட்டம் கற்றது முதிய சட்ட வல்லுநர் ஸ்கேவோலாவின் அருகில் இருந்துதான். பிறகு தேர்தல். சர்வாதிகாரி சுல்லா கி.மு. 81 வாக்கில் இறுக்கிய விதிகளின்படி நிதி அதிகாரியான குவேஸ்டர் ஆக 30 வயது, நீதி அதிகாரியான பிரீட்டர் ஆக 39, உச்சப்பதவியான கான்சல் ஆக 42. முன்னோர் யாரும் கான்சலாக இல்லாத சிசரோ உரிய வயதிலேயே கி.மு. 63இல் கான்சல் ஆனது அபூர்வம். இங்கே கடன் என்பது உண்மையான பணக்கடன். கி.மு. 65இல் பொது விளையாட்டுகளைக் கவனிக்கும் ஈடைல் என்ற பதவியில் இருந்த ஜூலியஸ் சீசர் விளையாட்டுகளுக்குக் கொட்டிய பணம் கடனாக ஏறியது. இப்படிக் கடன்பட்டவர்கள் மாகாண ஆளுநராகப் போய் அங்கே ஈடுகட்டினார்கள். சிசிலியைச் சுரண்டிய ஆளுநர் வெர்ரெஸ் மீது சிசரோ தொடுத்த கி.மு. 70 வழக்கு அதன் சாட்சி. அதே ஆண்டு படைத்தலைவர் பாம்ப்பேயஸ் கீழ்ப்பதவி எதையும் வகிக்காமல் நேரடியாகக் கான்சல் ஆனார். அவர் கையில் படை இருந்தது. ஏணியில் ஏறாமல் தாண்டிக் குதித்தவர்களிடமே அந்தக் குடியரசு கடைசியில் விழுந்தது.

பிரிட்டிஷார் இவற்றைக் கலந்து பார்த்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்களின் பரிந்துரையில் வந்த இளைஞர்களுக்கு 1806 முதல் இங்கிலாந்தில் கல்லூரி, இங்கே சென்னையில் 1812 முதல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில் தமிழும் தெலுங்கும். கம்பெனி அதிகாரியான எல்லிஸ் அங்கிருந்துதான் தென்னாட்டு மொழிகளின் உறவைப் பேசினார். 1855இல் பரிந்துரைக்குப் பதிலாகப் போட்டித் தேர்வு வந்தது. அதைப் பற்றிய வாதங்களில் சீனாவின் பெயர் அடிபட்டது. தேர்வு 1922 வரை லண்டனில் மட்டும் நடந்ததால், ஆளப்படுகிற நாட்டினருக்குக் கதவு பெயரளவில் திறந்தே இருந்தது. அதற்குள் நுழையக் கடல் கடக்க வேண்டியிருந்தது.

சரி, கற்பனைப் பேரரசுக்கு எது? என் தேர்வு சீன முறை. பயிற்சியில் எண்டெரூன் உயர்ந்தது என்பதில் எனக்கு மாற்றமில்லை. ஆனால் அதன் நுழைவாயில் பிள்ளை பிடிப்பு. அதைக் கதையில் வைத்தால் அந்தத் தாய்மார்களையும் வைக்க வேண்டும். வெறும் பின்னணி அலங்காரமாகப் பயன்படுத்துவது நியாயமில்லை. சீனத் தேர்வோ ஏழை வீட்டிலும் ஆசையை மூட்டுகிறது. ஒரு பையனுக்காக ஊர்ச்சொத்திலிருந்து செலவு செய்யும் குலம், உள்ளூர் எழுத்தரிடம் சிக்கும் புதிய ஆட்சியர், மறுதேர்வு கேட்கும் வடக்கு, ஐம்பது வயதிலும் விடாமல் எழுதும் மனிதர் என்று எங்கே தொட்டாலும் கதை இருக்கிறது. தேர்வுக்குப் பின் அரண்மனைக் கூடங்களில் சில ஆண்டுப் பயிற்சி என்று சேர்த்தால் சீனாவின் ஓட்டையையும் ஓரளவு அடைக்கலாம். ஆனால் பயிற்சிக்கூடத் தலைவர் கையில் ஒரு புதிய அணி உருவாகும், அதையும் கணக்கில் எடுங்கள்.

ஒன்றை மட்டும் அப்படியே கடன் வாங்க வேண்டாம். இந்தப் பதவிப்படிகள் எதிலும் பெண்களுக்கு இடமில்லை. ஆனாலும் தோப்கபியின் அந்தப்புரம் எண்டெரூனுக்கு இணையாகவே இயங்கியது. அடிமையாக வந்த பெண்கள் அங்கே வாசிப்பு, இசை, தையல், அரசவை நடைமுறை கற்று, பலர் எண்டெரூனில் பயின்று வெளியேறிய அதிகாரிகளுக்கே மணமுடிக்கப்பட்டார்கள். மாகாண ஆளுநரின் வீட்டில் இருவருமே அரண்மனையில் வளர்ந்தவர்கள். அவளுக்கு அரண்மனையில் இன்னும் தோழிகள் இருக்கிறார்கள், கடிதம் எழுதத் தெரியும். உங்கள் பேரரசில் அந்தக் கடிதங்கள் யாருக்குப் போகின்றன என்பதை முதல் அத்தியாயத்துக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.